தம்பி வயலுக்குப் போன பொட்டலம்

அருளப்பன் குனிந்து ஒரு குதிரைமசால் செடியைப் பற்றினார். இழுக்க வேண்டியிருக்கவில்லை. கொடியில் காய்ந்த துணியை எடுப்பதுபோல் அது கையோடு வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே வந்தது. ஒரு கைப்பிடி சேர்ந்ததும், வரப்பில் நின்றிருந்த என் காலடியில் கொண்டுவந்து போட்டார்.

"வேரு எங்க சார்?" என்றார்.

வேர் இருந்தது. தோல் உரிந்து நார் நாராகப் பிரிந்து, ஊறிய கயிறு மாதிரி இருந்தது. மண்ணை ஒட்டிய தண்டில் வெள்ளை நூல்கள் விசிறிபோலப் படர்ந்திருந்தன. நூல்களுக்கு நடுவே கடுகு அளவில் பழுப்பு உருண்டைகள். பனி இன்னும் காயாத காலை அது. வயலிலிருந்து புளித்த வாடை வந்துகொண்டிருந்தது.

வரப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய அண்ணன் சவரிமுத்துவின் வயல். அதே மூட்டையிலிருந்து எடுத்த விதை, அதே நாளில் விதைத்தது, அதே கிணற்றுத் தண்ணீர். அங்கே பயிர் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வாடியிருந்தது, அவ்வளவுதான். ஊதாப் பூக்கூட எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

"அவருக்கு மட்டும் எப்படி சார் நிக்குது? ரெண்டு பேருக்கும் நீங்கதான மருந்து குடுத்தீக?"

காரணம் எனக்குத் தெரியும். அந்த வரப்பில் எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணனுக்குக் கொடுத்த பொட்டலத்தில் பயிரைக் காக்கும் நுண்ணுயிர் இருந்தது. தம்பிக்குக் கொடுத்ததில் வெறும் பொடி.

நான் சொன்னது இது: "தண்ணி கொஞ்சம் கூடிப்போன மாதிரி தெரியுதே, அருளப்பன்."

அந்தப் பொய்யின் பழியைச் சவரிமுத்து சுமந்தார். அதைச் சுமந்தபடியே செத்துப்போனார். அந்தப் பழியை அவர் மேலிருந்து இறக்கி வைக்கத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

ஒரு புகைப்படம்

இந்த வாரம் எழுத நினைத்திருந்தது வேறு. மாணவப் பருவத்தில் விடுதிச் சமையற்காரரோடு போட்ட சண்டையைப் பாதி எழுதியும் வைத்திருந்தேன். அது கிடக்கட்டும்.

சில வாரங்களுக்கு முன் இதே தொடரில் ஒரு புகைப்படத்தைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தேன். வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். நடுவில் ஒரு வரப்பு, வலப்பக்கம் செழித்த வயல், இடப்பக்கம் சொட்டை விழுந்த வயல். நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். கூட்டங்களில் திரையில் காட்டுவேன். பார்ப்பவர்கள் கை தட்டுவார்கள்.

படத்தின் இடது ஓரத்தில் ஒருவர் இடுப்பில் கை வைத்து நிற்பார். பாதி உடம்புதான் தெரியும். ஒரு கூட்டத்தில் யாரோ அது யார் என்று கேட்டார்கள். "ஒத்துழைத்த விவசாயி" என்றேன். அருளப்பன் என்ற பேரைச் சொல்லவில்லை.

பத்திரிகையில் என் பெருமையை நானே வாசித்தபோது அந்தப் பாதி உடம்பு கண்ணில் வந்து நின்றது. இவ்வளவு எழுதியவன் அதை மட்டும் எப்படித் தாண்டிப் போனேன்? பழகிவிட்டது. அதுதான் காரணம்.

கண்ணுக்குத் தெரியாத காவல்

விஷயம் புரிய, அந்தப் பொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மண்ணில் பூஞ்சை இருக்கிறது. பயிரின் வேரைத் தின்னும். அதே மண்ணில் பூஞ்சையை ஒடுக்கும் பாக்டீரியாக்களும் இருக்கின்றன. அவை வேரைச் சுற்றி முதலில் குடியேறிவிட்டால் பூஞ்சைக்கு இடம் கிடைக்காது. உணவும் கிடைக்காது. மண்ணிலுள்ள இரும்புச் சத்தைக்கூட அவை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். நாங்கள் வளர்த்த வகைக்கு ஓர் அழகு உண்டு. கண்ணாடித் தட்டில் வளரவிட்டுப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் மஞ்சள் கலந்த பச்சையாக மினுங்கும். மின்மினியைப் பிடித்த பையனைப்போல நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்த நாட்கள் உண்டு.

இந்தப் பாக்டீரியா வளர்ந்த குழம்பை முகத்துக்குப் போடும் பவுடர் போன்ற கல்மாவில் கலந்து, நிழலில் உலர்த்தி, பொட்டலம் கட்டுவோம். ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் பூசலாம். மக்கிய சாணத்தோடு கலந்து வயலில் தூவலாம். விஷம் கிடையாது. மாடு தின்னும் பயிருக்கு விஷ மருந்து அடிக்க முடியாதல்லவா? அடித்தால் பாலில் வந்து நிற்கும். அதனால்தான் தீவனப் பயிருக்கு இந்த வழியை நான் பிடித்துக்கொண்டேன்.

குதிரைமசால் என்பது வெந்தயக் கீரையைப்போல மூன்று மூன்று இலை விடும் பயிர். ஒரு தடவை விதைத்தால் சில வருடங்கள் அறுத்துக்கொண்டே இருக்கலாம். கறவை மாடு வைத்திருப்பவனுக்கு அது வீட்டில் இன்னொரு மாடு இருப்பதற்குச் சமம். வேர் போனால் எல்லாம் போச்சு.

அந்தப் பொடி வேலை செய்யும். இன்றைக்கும் சொல்கிறேன், வேலை செய்யும். அதுதான் என்னைக் கொல்கிறது.

பேச்சியம்மாளின் நியாயம்

பொடி வேலை செய்கிறது என்று காட்ட, பொடி போடாத வயலும் பக்கத்தில் வேண்டும். இல்லாவிட்டால் மழையினால் பிழைத்ததா மருந்தினால் பிழைத்ததா என்று யார் சொல்வது? விஞ்ஞானத்தில் இது அரிச்சுவடி.

முதலில் கன்னிவாடிப் பக்கம், மலையடிவாரத்தில், பேச்சியம்மாள் என்ற பெண்ணின் புன்செய்க் காட்டில் சோதனை வைத்தேன். வெள்ளாட்டுக்காக வேலிமசால் என்ற தீவனச் செடி போட்டிருந்தார். ஒரே காட்டைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு பட்டைக்கு மருந்து, அடுத்த பட்டைக்கு ஒன்றுமில்லை என்று குச்சி நட்டு வைத்துவிட்டு வந்தேன். சில வாரம் கழித்துப் போனால் எல்லாப் பட்டையும் ஒரே மாதிரி நிற்கிறது.

"என்ன பண்ணீங்க பேச்சியம்மா?"

"மிச்சப் பொடி இருந்துச்சுல்ல சார். அந்தப் பக்கமும் தூவி விட்டேன்."

"தூவக் கூடாதுன்னு சொன்னேனே."

"சொன்னீக. ரெண்டு புள்ள உக்காந்திருக்கையில ஒண்ணுக்கு மட்டும் சோத்த வைப்பாகளா சார்? பாக்கச் சகிக்கல. அதுவும் நம்ம வெள்ளாமதான?"

"என் ஒரு வருச வேலை போச்சு."

"அட, அடுத்த வருசம் செஞ்சுக்கங்க. நீங்க என்ன கெழவனா?" என்று சிரித்துவிட்டு மோர் கொண்டுவரப் போனார்.

அலுவலகத்தில் இதைச் சொல்லி எல்லோரும் சிரித்தோம். நான் அவரிடமிருந்து கற்றுக்கொண்டது மிகத் தவறான பாடம். எந்த வயலுக்கு மருந்து இல்லை என்று விவசாயிக்குத் தெரியக் கூடாது. அதுதான் நான் கற்றது.

பங்கு பிரிந்த வயல்

தாடிக்கொம்பைத் தாண்டி, சமவெளியில் ஒரு சின்ன ஊர். பெரும்பாலும் கிறிஸ்தவ விவசாயக் குடும்பங்கள். பூவும் காய்கறியும் போடுவார்கள், மாடு வளர்ப்பார்கள். சவரிமுத்து, அருளப்பன் அண்ணன் தம்பிகளை அங்கேதான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், அப்படிச் சந்தோஷப்பட்டேன்.

அப்பா இறந்த பிறகு நிலத்தைச் சமமாகப் பிரித்திருந்தார்கள். ஒரே செம்மண். கிணறு பொது. தண்ணீர் முறை வைத்து, ஒரே வாய்க்காலில் முதலில் அண்ணன் வயலைத் தொட்டு, பிறகு தம்பி வயலுக்குப் போகும். பங்கு பிரித்ததில் கொஞ்சம் மனக்கசப்பு உண்டு. ஆனால் பேச்சுவார்த்தை இருந்தது. அண்ணன் வீட்டில் கறி எடுத்தால் தம்பி வீட்டுக்கும் ஒரு தூக்குவாளி போகும்.

இரண்டு பேரையும் கூப்பிட்டு வைத்து, "ரெண்டு பேருக்கும் மருந்து இலவசம். ஒரே மாதிரி போடணும், ஒரே மாதிரி பாக்கணும்" என்றேன்.

"ஏன் சார், எங்களுக்குள்ள போட்டி வைக்கிறீகளா?" என்று சவரிமுத்து கேட்டார். அவர் எப்போதும் விளையாட்டாகப் பேசுவார்.

"போட்டி வச்சா அண்ணன் தோத்துருவாரு சார், அவரு சோம்பேறி" என்றார் தம்பி.

"ஏலே, நீ பால் கறக்க எந்திரிக்கிறப்ப நான் கறந்து ஊத்திட்டு வந்து படுத்துருவேன்டா."

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே நான் பொட்டலங்களைக் கொடுத்தேன். இரண்டும் ஒரே வெள்ளைப் பை. ஒன்றில் உயிருள்ள குழம்பு கலந்த பொடி. இன்னொன்றில் அதே குழம்பை வேகவைத்து உயிரைக் கொன்று கலந்த பொடி. வாடைகூட ஒன்றுதான். யாருக்கு எது என்று என் மேசையில் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பார்த்திருந்தேன். தம்பிக்கு வெறும் பொடி விழுந்தது. குலுக்கல் நியாயமானது என்று அப்போது எனக்குத் திருப்தியாக இருந்தது.

அருளப்பனின் மனைவி செசிலி கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, அந்தப் பொடியைக் குழைத்து, முறத்தில் விதையைப் பரப்பி ஒவ்வொன்றிலும் படும்படி புரட்டினார். பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல அவ்வளவு பதமாகச் செய்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிச்சத் தண்ணீர்

"தண்ணி கூடிப்போச்சு" என்று நான் சொன்னது அந்த நேரத்துக்கு வாயில் வந்தது. எந்த விவசாயியிடமும் எந்த அதிகாரியும் சொல்லும் பதில் அது. அருளப்பன் தன்னைத்தான் நொந்துகொள்வார், அதோடு போய்விடும் என்று நினைத்தேன்.

அவர் தன்னை நொந்துகொள்ளவில்லை. தான் எவ்வளவு தண்ணீர் விட்டோம் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். முறைக்கு மேல் ஒரு மடை கூட விடவில்லை. படித்தவர் வந்து பார்த்துத் தண்ணீர் கூடிவிட்டது என்கிறார். அப்படியானால் கூடுதல் தண்ணீர் எங்கிருந்து வந்தது? வாய்க்கால் எந்த வயலைத் தொட்டு வருகிறது?

இதை அவர் யோசித்து முடிக்க அதிக நாள் ஆகவில்லை. அடுத்த தடவை நான் போனபோது தன் வயலுக்குள் வரும் வாய்க்காலின் குறுக்கே கல்லும் மண்ணும் போட்டு அடைத்திருந்தார். அண்ணனோடு பேச்சில்லை. தூக்குவாளி நின்றுபோயிருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பயமா? யாரும் என்னை வேலையைவிட்டு நீக்கியிருக்க மாட்டார்கள். இன்னும் ஓர் அறுவடைக் கணக்கு எடுக்க வேண்டியிருந்தது. சொன்னால் அருளப்பன் நல்ல பொட்டலம் கேட்பார், கொடுத்தால் சோதனை கெடும். அவ்வளவு சின்ன காரணம். பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சின்ன பெஞ்சுகள்

சண்டை கைகலப்பு வரை போனது. ஊர்ப் பெரியவர் மிக்கேல் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கோயிலுக்குப் பக்கத்தில், பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி நடத்தும் அறை. குழந்தைகள் உட்காரும் குட்டையான பெஞ்சுகளில் பெரிய ஆட்கள் முழங்கால் மார்பில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். என்னைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள்.

"ஏலே அருளு, உக்காந்து பேசு. கையக் கைய நீட்டாத" என்றார் மிக்கேல்.

"நான் என் முறைக்கு மேல சொட்டுத் தண்ணி விடல. சாரு தண்ணி கூடிப்போச்சுன்றாரு. அப்ப மிச்சத் தண்ணி வானத்துல இருந்தா வந்துச்சு? நான் தூங்குனப்பறம் யாரோ மடையத் தெறந்திருக்காக. அது யாருன்னு நான் சொல்லணுமா?"

"உன் வயல முக்கி எனக்கு என்னடா ஆதாயம்?" என்றார் சவரிமுத்து.

"கெழக்குப் பங்கு எனக்கு வந்துச்சுல்ல. அந்த வயித்தெரிச்சல்."

பின்னாலிருந்து ஒருவர், "கெழக்குப் பங்குல ஓணானும் கள்ளியும்தானப்பா கூட" என்றார். சிலர் சிரித்தார்கள். சகோதரர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

சவரிமுத்து என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. "சார், நீங்க சொல்லுங்க சார். நீங்க சொன்னா கேப்பான். நான் தண்ணி விடலன்னு சொல்லுங்க."

கரும்பலகையில் பிள்ளைகளுக்கு எழுதிய கேள்வி பாதி அழிந்து கிடந்தது. எல்லாருடைய கண்ணும் என் மேல்.

"சார், இந்த நோய் தண்ணியினால வருமா, வராதா? அத மட்டும் சொல்லுங்க" என்றார் மிக்கேல்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்: "ஈரம் அதிகமானா இந்தப் பூஞ்சை வேகமா பரவும். அது உண்மை."

அது உண்மைதான். பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த அறையில் அன்று நான் சொன்ன உண்மையைவிடப் பெரிய பொய்யை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

"கேட்டுக்கிட்டீகளா?" என்றார் அருளப்பன்.

சவரிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் எழுந்து போனதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஊர் எடுத்துக்கொண்டது.

பிறகு

அந்தக் கோடையில் அருளப்பனிடம் பச்சைத் தீவனம் இல்லை. அறுத்த கட்டையிலிருந்து துளிர்த்து வெயிலில் வாடி நின்ற சோளக் குருத்தை அறுத்து மாட்டுக்குப் போட்டார். வாடிய இளஞ்சோளத்தில் விஷம் ஏறும் என்பது அவருக்கும் தெரியும். வேறு வழியில்லாமல் கொஞ்சமாகப் போட்டிருக்கிறார். சினை மாடு நுரை தள்ளித் தொழுவத்திலேயே விழுந்தது. நான் அதைப் பார்க்கப் போகவில்லை. கேள்விப்பட்டேன்.

அடுத்த பருவத்துக்கு நல்ல பொட்டலங்களோடு போனேன். சோதனை அப்போது முடிந்திருந்தது. செசிலி வாசலிலேயே நிறுத்தினார். "வேணாம் சார். பொடி போட்டு என்ன? கூடப் பொறந்தவுகளே வேர அறுக்கையில" என்றார். பொட்டலங்களை வண்டியில் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றும் சொல்லவில்லை. சோதனை கெட்டுவிடும் என்ற காரணம்கூட அன்று என்னிடம் இல்லை.

பிறகு அருளப்பன் தன் பங்கை விற்றுவிட்டு, சின்னாளப்பட்டியில் வாடகை வீடு பார்த்துக்கொண்டு போனார். நூற்பாலை ஒன்றில் காவலாளி வேலை.

சில வருடங்களுக்கு முன் தாடிக்கொம்பு சாலையில் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. சவரிமுத்துவின் முகம். இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராகக் குழியில் ஒரு பிடி மண் போட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

"தம்பிக்காரன் வரல போல."

"எப்படி வருவான்? ராவோட ராவா அவன் வயல முக்குன ஆளு இவரு. இருந்தாலும் வந்திருக்கலாம். செத்தவுக மேல என்ன கோவம்?"

என் முறை வந்தது. நானும் ஒரு பிடி மண் போட்டேன். நான் போட்டேன், அருளப்பன் போடவில்லை. வீட்டுக்கு வந்து கை கழுவி, சாப்பிட்டு, தூங்கினேன்.

சின்னாளப்பட்டி

பத்திரிகையில் அந்தப் புகைப்படப் பெருமையைப் படித்த வாரம், பேரனைக் காரோட்டச் சொல்லிச் சின்னாளப்பட்டிக்குப் போனேன். தெருவில் சாயம் போட்ட சேலைகள் கம்பிகளில் காய்ந்துகொண்டிருந்தன. பேரனைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன்.

அருளப்பன் பகல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். காவலாளிச் சட்டை ஆணியில் தொங்கியது. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டதும் நாற்காலியைத் துண்டால் துடைத்தார். செசிலி டீ போட எழுந்தார். வேண்டாம், முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள் என்றேன்.

சொன்னேன். இரண்டு பொட்டலங்கள், குலுக்கல், வேகவைத்த குழம்பு, எல்லாம். சுற்றி வளைக்கவில்லை.

அருளப்பன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப அண்ணன் தண்ணி விடல?"

"விடல."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

செசிலி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் அந்த வெதய எம்புட்டுப் பக்குவமா பெரட்டுனேன். கஞ்சி சூடா இருந்துச்சோ, அதுல செத்துப்போச்சோன்னு எத்தன நாள் நெனச்சிருக்கேன். இவுககிட்ட சொல்லல. சொன்னா என்னயத் திட்டுவாகன்னு, மச்சாண்டார் மேல பழி விழுறத வேடிக்க பாத்துக்கிட்டு இருந்தேன்."

இது எனக்குப் புதிது. என் வெறும் பொடி அந்த வீட்டுக்குள் இன்னும் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அருளப்பன் எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார், திரும்ப மாட்டினார். "இத ஏன் சார் இப்ப வந்து சொல்றீக? அவரு கெட்டவரு, அவரு கெடுத்துட்டாரு, அந்த ஒண்ண வச்சுத்தான் இம்புட்டுக் காலத்த ஓட்டுனேன். அவரு சாவுக்குப் போகாததுக்கும் அதான் ஆறுதல். இப்ப எத வச்சு ஓட்டுறது? நீங்க இறக்கி வச்சுட்டுப் போயிருவீக."

மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்டக் கேட்டு என்ன ஆகும்? நீங்க ஊருக்குள்ள வச்சுச் சொன்னீக. ஊருக்குள்ள வச்சே இதயும் சொல்லுங்க. எம் மதினி காதுல விழணும்." கொஞ்சம் நிறுத்திப் பிறகு சொன்னார்: "பத்திரிகையில எழுதுறீகள்ல, அதுலயும் எழுதுங்க. பேர மாத்தாதீக. அவரு பேர அப்படியே போடுங்க."

கிளம்பும்போது யாரும் போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

மிக்கேல் காலமாகிவிட்டார். மறைக்கல்வி அறையில் இப்போது திருவிழாச் சீரியல் விளக்குகளையும் பந்தல் துணிகளையும் போட்டு வைத்திருக்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் கோயில் பங்குச் சாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். இளைஞர். பூசை முடிந்து, அறிவிப்புகள் வாசித்த பிறகு, எனக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார்.

ஒலிபெருக்கி முன் நின்று சொன்னேன். எழுதிக்கொண்டு போகவில்லை. சவரிமுத்து தன் தம்பி வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடவில்லை. அந்த வயல் நான் கொடுத்த வெறும் பொடியால் அழிந்தது. அது எனக்குத் தெரிந்தும் இந்த ஊரில், இத்தனை பேர் முன்னால், நான் மறைத்தேன்.

கூட்டம் வயதானவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்பதுபோலக் கேட்டது. இளவட்டங்களுக்கு விஷயம் புரியவில்லை. வாசலருகே ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனிடம், "யாருடா சவரிமுத்து?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது. வயதான சிலர் மட்டும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் கோபப்படுவார்கள் என்று நினைத்துப் போயிருந்தேன். யாரும் கோபப்படவில்லை.

வெளியே வந்தபோது சவரிமுத்துவின் மனைவி லூர்து படியோரம் நின்றிருந்தார். முக்காடு தலையில் இருந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

"எனக்குத் தெரியும் சார்" என்றார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "அவரு தண்ணி விடலன்னு எனக்குத் தெரியாதா? தம்பி பயிரு வாடுச்சே, அந்த வாரம் பூரா காய்ச்சல்ல கெடந்தாரு. ஒண்ணுக்குப் போகக் கூட நான்தான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். அன்னைக்கு அந்த ரூம் வாசல்ல நின்னு நான் சொன்னேன். பொம்பள பேச்சு யாருக்கும் காதுல விழல. உங்க பேச்சு விழுந்துச்சு."

அவர் அன்று பேசியது எனக்கு நினைவில்லை. நானும் கேட்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

"சாகுறதுக்கு முந்துன வாரம் கூட, தம்பிக்கு யாராச்சும் சொல்லுங்கப்பான்னாரு. யாரு போயிச் சொல்ல?"

அப்போதுதான் அருளப்பனைப் பார்த்தேன். பின்வரிசைத் தூண் ஓரம் நின்றிருக்க வேண்டும். உள்ளே இருக்கும்போது நான் கவனிக்கவில்லை. காவலாளிச் சட்டையோடு, வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். படியிறங்கி வந்து லூர்துவுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

"மதினி" என்றார்.

லூர்து திரும்பவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். சில அடி நடந்து, நின்றார்.

"வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புட்டுப் போன்னு சொல்லணும் அப்பு. சொல்ல எனக்கு வாய் வரல."

சொல்லிவிட்டுப் போனார். அருளப்பன் பின்னால் போகவில்லை. லூர்து தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் பார்த்தார், அங்கேயும் போகவில்லை. காரில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன்.

"உங்க வண்டியில வரமாட்டேன் சார்" என்றார். பேருந்து நிற்கும் இடத்துக்கு வெயிலில் நடந்துபோனார்.